வெளிநாட்டு நகரத்தில் தனியாகச் சுற்றும் பெண்களுக்கு: டிக்கெட் போடுவதிலிருந்து திரும்பி வரும்வரை ஒரு முழு வழிகாட்டி

தனியாக வெளிநாடு போகிறேன் என்று ஒரு பெண் வாய் திறந்தால் போதும், அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. இருட்டின பிறகு வெளியே போகாதே, யாரிடமும் பேச்சுக் கொடுக்காதே, எங்கே போனாலும் நாலு பேரோடு போ. (நாலு பேர் இருந்தால் அவள் ஏன் தனியாகப் போகிறாள் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை.) இதையெல்லாம் அப்படியே கேட்டால் ஹோட்டல் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நான் சொல்லப்போவது வேறு. ஒரு ஊரில் எது வழக்கம் என்று தெரிந்தவளுக்குத்தான் எது வழக்கத்துக்கு மாறு என்று சட்டென்று பிடிபடும். டோக்கியோ ரயிலில் யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள், அதனால் அங்கே ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எந்த ஹோட்டல் என்று விசாரித்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். வேறொரு ஊரில் கடைக்காரரிலிருந்து பக்கத்து மேசைப் பாட்டிவரை எல்லோரும் அதையே கேட்பார்கள், அங்கே அது வெறும் பேச்சு. ஆக, அந்த ஊரின் நடைமுறையைக் கற்றுக்கொள்வதும் பத்திரமாக இருப்பதும் பெரும்பாலும் ஒரே வேலைதான். கீழே உள்ள படிகளை இந்த எண்ணத்தோடு படியுங்கள்.

படி 1: இறங்கும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

விலை குறைந்த விமானம் பெரும்பாலும் நள்ளிரவில்தான் போய் இறங்கும். தெரியாத ஊர், தூக்கக் கலக்கம், கையில் பெட்டி, வேலை செய்யாத சிம், மூடிக் கிடக்கும் கடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து வரும். மிச்சப்படுத்திய காசு டாக்சிக்கே போய்விடும் என்பது ஒருபுறம் இருக்க, உங்கள் தெளிவு மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் மிக முக்கியமான முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும். முடிந்தவரை பகலில், வெளிச்சம் போவதற்கு மூன்று நான்கு மணி நேரமாவது மிச்சம் இருக்கும்படி இறங்குங்கள். வேறு வழியே இல்லையென்றால் முதல் இரவுக்கு மட்டும் விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில் தங்கிவிட்டுக் காலையில் நகருக்குள் போகலாம்.

தங்கும் இடத்தைத் தேடும்போது அறையின் படத்தைவிட, மெட்ரோவிலிருந்து வாசல்வரை உள்ள நடையைப் பாருங்கள். கூகுள் மேப்ஸில் அந்தத் தெருவின் படங்களைத் திறந்து, நீங்களே நடப்பதாக நினைத்து அடி அடியாகப் போய்ப் பாருங்கள். கடைகள் இருக்கின்றனவா, வீடுகளா, அல்லது நீளமான மதில் சுவரும் பாலத்தின் அடியில் ஒரு சுரங்கப் பாதையுமா? மதிப்புரைகளில் தனியாகத் தங்கிய பெண்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். ‘இரவில் திரும்பும்போது கொஞ்சம் யோசனையாக இருந்தது’ என்று இரண்டு பெண்கள் எழுதியிருந்தால், அந்த இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் நான் விட்டுவிடுவேன்.

படி 2: அந்த ஊர்ச் சட்டத்தைக் கொஞ்சம் படியுங்கள்

இதை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதம் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும், அது தெரிந்த விஷயம். மருந்துப் பையைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சளி மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கோடீன், ட்ரமடால் சேர்ந்த வலி மாத்திரைகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை, முன் அனுமதி வேண்டும். சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் மின்-சிகரெட்டுக்கு இடமே இல்லை. மருந்து எதுவானாலும் அதன் சொந்த அட்டையிலேயே, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு அலாரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மாதவிடாய்க்கு உங்களுக்குப் பழகிய பொருள் அங்கே கிடைக்கும் என்று நம்பாதீர்கள், ஒரு சுற்றுக்குத் தேவையானதை எடுத்துப் போங்கள்.

படம் எடுப்பதற்கும் சட்டம் இருக்கிறது. அமீரகத்தில் ஒருவரை அனுமதி இல்லாமல் படம் எடுத்து வெளியிடுவது குற்றம். ஜப்பானில் கியோட்டோ நகரின் கியோன் பகுதியில், கெய்ஷா என்ற பாரம்பரியக் கலைஞர்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்த தொல்லை தாங்காமல், 2024இல் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே தடை போட்டு, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்துவிட்டார்கள். ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் 2019 முதல் உட்காரக் கூடாது. சிங்கப்பூரில் இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. இதில் ஏதாவது ஒன்றில் மாட்டினால் உங்களை நோக்கி வருவது போலீஸ், அதுவும் மொழி தெரியாத ஊரில். அந்த நிலைமை எதற்கு?

படி 3: ஃபோன், பணம், காகிதம்

வந்து இறங்கிய நிமிடத்திலேயே இணையம் வேலை செய்ய வேண்டும். ஃபோனில் இ-சிம் வசதி இருந்தால் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வங்கி ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும், அதனால் வீட்டுச் சிம்மைக் கழற்றி எறிந்துவிடாமல், குறுஞ்செய்தி வரும் அளவுக்காவது ரோமிங் வைத்திருங்கள். நகர வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு ஆப்பிலும் அந்த ஊர் மொழியை அதே மாதிரி இறக்கிவையுங்கள்.

தங்கும் இடத்தின் பெயரும் முகவரியும் அந்த ஊர் எழுத்தில் ஒரு தாளிலும் இருக்கட்டும், ஸ்கிரீன்ஷாட்டாக ஃபோனிலும் இருக்கட்டும். ஃபோன் செத்துப்போனால் அந்தத் தாள்தான் உங்களை அறைக்குக் கொண்டு சேர்க்கும். பவர் பேங்க் கையோடு இருக்க வேண்டும், அறையில் இருந்து பயனில்லை.

பணம் என்றால் இரண்டு வெவ்வேறு வங்கி அட்டைகள், இரண்டு வெவ்வேறு இடங்களில். ஒன்று உடம்போடு, இன்னொன்று அறையில் பூட்டிய பெட்டியில். வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று வங்கி ஆப்பில் பார்த்துவிடுங்கள், பல அட்டைகளில் அது மூடியே வரும். பணம் எடுக்க வங்கிக் கிளைக்குள் இருக்கும் ஏடிஎம்மைத் தேடுங்கள். திரையில் ‘உங்கள் ஊர்ப் பணத்திலேயே கழித்துக்கொள்ளட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மோசமான மாற்று விகிதத்தில் காசு போகும்.

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்வதா அறையில் வைப்பதா என்று ஒரு நிரந்தர விவாதம் உண்டு. ஊரைப் பொறுத்தது. ஜப்பானில் வெளிநாட்டுப் பயணி பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் அப்படிக் கேட்காத ஊர்களில் அசல் அறையிலும் நகல் கையிலும் இருந்தால் போதும். விசா, காப்பீடு, பாஸ்போர்ட் மூன்றின் படத்தையும் உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பிவையுங்கள், ஃபோன் போனாலும் அது இருக்கும்.

படி 4: வீட்டில் ஒருவரோடு ஓர் ஏற்பாடு

‘போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு’ என்பது ஏற்பாடு ஆகாது. ஏற்பாடு என்றால், மெசேஜ் வராவிட்டால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். பதறாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஒரு தோழியாக இருப்பது பல வீடுகளில் நல்லது. தினமும் ஒரே நேரத்தில் ஒரு சொல் அனுப்புவீர்கள். இரண்டு மணி நேரம் தாண்டினால் அவர் உங்களை அழைக்க வேண்டும், நான்கு மணி நேரம் தாண்டினால் ஹோட்டலை அழைக்க வேண்டும், அதற்கு மேலும் தகவல் இல்லை என்றால் தூதரகம். ஹோட்டல் எண்ணும், அந்த ஊரில் இருக்கும் உங்கள் நாட்டுத் தூதரகத்தின் அவசர எண்ணும் அவரிடம் எழுத்தில் இருக்கட்டும்.

கூடவே, யாரோ பக்கத்தில் இருந்து பேச முடியாத நிலைமையில் அனுப்ப ஒரு சாதாரண வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘பூச்செடிக்குத் தண்ணி ஊத்தினியா’ மாதிரி. அது வந்தால் அவர் உடனே ஃபோன் செய்து நீங்கள் கிளம்பியே ஆக வேண்டிய ஒரு காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டும்.

லைவ் லொகேஷனை அவருக்கு மட்டும் பகிருங்கள். உலகத்துக்குப் போடும் படங்களை அந்த இடத்தைவிட்டு வந்த பிறகு போடுங்கள். ஹோட்டல் பெயர் தெரியும் படத்தை ஊரைவிட்டே கிளம்பின பிறகு போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

படி 5: இறங்கிய முதல் இரண்டு மணி நேரம்

வெளியே வரும் கதவைத் தாண்டும் முன்பே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள்: கழிப்பறை, தண்ணீர், இணையம், கொஞ்சம் உள்ளூர்ப் பணம், எதில் போகப்போகிறோம் என்ற முடிவு. கதவுக்கு வெளியே நின்று ஃபோனைத் துழாவினால் ‘டாக்சி, மேடம்?’ என்று ஆட்கள் தானாக வருவார்கள். அவர்களிடம் பேரம்கூட வேண்டாம். அதிகாரபூர்வ டாக்சி வரிசை, ரயில், அல்லது ஆப் வழியாகப் பதிவு செய்த கார், இந்த மூன்றைத் தவிர வேறொன்றும் தேவையில்லை.

எந்த ஆப் அங்கே ஓடுகிறது என்பதை முன்பே பாருங்கள். தென்கிழக்கு ஆசியாவில் கிராப், ஐரோப்பாவின் பல நகரங்களில் போல்ட், வளைகுடாவில் கரீம் என்று இடத்துக்கு இடம் மாறும். அங்கே போய்ப் பதிவு செய்யலாம் என்று விட்டால் ஓடிபி தொல்லையில் மாட்டுவீர்கள்.

படி 6: அறை

ரிசப்ஷனில் உங்கள் அறை எண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னால் வேறு அறை கேளுங்கள், எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். இது அடாவடி ஆகாது, பழகிய ஊழியருக்கு உடனே புரியும். தரைத்தளம் வேண்டாம். ரொம்ப உயரமும் வேண்டாம், தீயணைப்பு ஏணி எல்லா மாடிக்கும் எட்டாது. இரண்டிலிருந்து ஐந்தாவது மாடிக்குள் வசதி.

உள்ளே போனதும் பெட்டியைக் கதவில் முட்டுக்கொடுத்துத் திறந்தபடி வைத்துக்கொண்டு குளியலறை, அலமாரி, திரைக்குப் பின்னால் எல்லாம் ஒரு பார்வை. பிறகு கதவை மூடி எல்லாப் பூட்டும் வேலை செய்கிறதா, பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவு இருந்தால் அது பூட்டியிருக்கிறதா, ஜன்னல் கொண்டி நிற்கிறதா என்று பாருங்கள். கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்றைப் பெட்டியில் போட்டுவையுங்கள், எடையும் இல்லை, விலையும் இல்லை, தூக்கம் நன்றாக வரும்.

ரகசியக் கேமரா பயம் வீண் பயமில்லை. தென் கொரியாவில் 2018இல் பல்லாயிரம் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடியதே இதற்காகத்தான். கட்டிலையோ குளியலறையையோ பார்த்தபடி இருக்கும் கடிகாரம், சார்ஜர், புகை உணர்கருவி இவற்றில் சம்பந்தமில்லாத ஒரு சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஃபோன் டார்ச்சை மெதுவாகச் சுற்றினால் லென்ஸ் இருந்தால் ஒரு புள்ளி மின்னும். சந்தேகமாக இருந்தால் மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டு அறை மாற்றச் சொல்லுங்கள்.

இரவில் அறை ஃபோன் அடித்து ‘ரிசப்ஷனிலிருந்து பேசுகிறேன், உங்கள் அட்டை எண்ணை இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்றால் வைத்துவிடுங்கள், பழைய மோசடி அது. கதவைத் தட்டி பராமரிப்பு ஆள் என்று யாராவது சொன்னால் திறக்காமல் கீழே ஃபோன் போட்டு விசாரியுங்கள். காத்திருப்பது அவர் வேலை.

படி 7: உடை, பார்வை, கைகுலுக்கல்

உடை பற்றி ஒரு விஷயத்தை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எவனோ ஒருவன் தவறாக நடந்தால் அதற்கு உங்கள் உடை காரணமே இல்லை. ஆனால் கூட்டத்தில் தனித்துத் தெரிவது, அதுவும் முதல் இரண்டு நாளில், தேவையில்லாத கவனத்தை இழுக்கும், பிக்பாக்கெட்டையும் சேர்த்து. அந்த ஊர்ப் பெண்கள் உங்கள் வயதில் என்ன உடுத்துகிறார்கள் என்று ஒரு காபிக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே போதும், எந்தக் குறிப்பேடும் வேண்டாம்.

வழிபாட்டு இடங்களுக்கு விதி திட்டவட்டமானது. வாட்டிகனின் புனித பேதுரு பேராலயத்திலும் பாங்காக்கின் அரண்மனை வளாகத்திலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். இஸ்தான்புல்லின் நீல மசூதியில் செருப்பைக் கழற்ற வேண்டும், தலையை மூட வேண்டும். பையில் ஒரு பெரிய மெல்லிய துப்பட்டா இருந்தால் பல இடங்களில் அதுவே போதும், விமானத்தில் போர்வையாகவும் ஆகும். தாய்லாந்தில் பெண்கள் புத்தத் துறவியைத் தொடக் கூடாது, பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரக் கூடாது, ஏதாவது கொடுப்பதென்றால் கைக்குக் கை கொடுக்காமல் அவர் விரிக்கும் துணியில் வைக்க வேண்டும். யாருடைய தலையையும் தொடாதீர்கள், பாதத்தை யாரை நோக்கியும் நீட்டாதீர்கள்.

மத நம்பிக்கை ஆழமாக உள்ள இஸ்லாமியச் சூழலில் ஆணிடம் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம். அவர் நீட்டினால் குலுக்குங்கள், நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள், யாருக்கும் சங்கடமில்லை. பாரிஸில் கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ழூர்’ சொல்லாமல் நேராக விலை கேட்டால், அந்த முகச்சுளிப்பு உங்கள் மேல் உள்ள வெறுப்பில்லை, வணக்கம் சொல்லாமல் வந்துவிட்டீர்கள் என்பதுதான். டோக்கியோவில் டிப்ஸ் வைத்தால் கடைக்காரர் மிச்சக் காசை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்துத் துரத்திக்கொண்டு வருவார். அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம் வைக்காமல் எழுந்தால் அதுதான் மரியாதைக் குறைவு. லண்டன் எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நிற்க வேண்டும், டோக்கியோவில் இடப்பக்கம், அதே ஜப்பானின் ஒசாகாவில் மறுபடி வலப்பக்கம்.

இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நுழைந்ததும் வணக்கம் சொல்கிறவளுக்குத்தான் தேவைப்படும்போது அந்தக் கடை தஞ்சமாகும். தினமும் ஒரே இடத்தில் காலைக் காபி குடியுங்கள். மூன்றாவது நாளிலேயே அங்கே உங்களைத் தெரிந்த ஒருவர் இருப்பார், வராவிட்டால் எங்கே என்று யோசிக்கும் ஒருவர். எந்த ஆப்பிலும் கிடைக்காத பாதுகாப்பு இது.

பார்வையும் சிரிப்பும் இன்னொரு சிக்கல். எதிரே வருகிறவரைப் பார்த்துச் சிரிப்பது சில ஊர்களில் சாதாரணம், சில ஊர்களில் அது அழைப்பாக எடுத்துக்கொள்ளப்படும். தெரியாத வரைக்கும் பெண்களிடமும் குடும்பங்களிடமும் வயதானவர்களிடமும் தாராளமாகச் சிரியுங்கள், தனியாக நிற்கும் ஆண்களிடம் சிக்கனமாக. குளிர்கண்ணாடி இதற்கு ரொம்ப உதவும்.

படி 8: ரயில், பஸ், டாக்சி

பெண்களுக்கான பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். டோக்கியோவில் பல தடங்களில் வார நாட்களின் காலை நெரிசலில் உண்டு, நடைமேடையில் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும். கெய்ரோ மெட்ரோவில் நடுப்பெட்டிகள். மெக்சிகோ சிட்டியில் நெரிசல் நேரத்தில் பெண்களுக்கும் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும். துபாயில் அந்தப் பகுதிக்குள் ஆண் நுழைந்தால் 100 திர்ஹாம் அபராதம். தயங்காமல் பயன்படுத்துங்கள்.

அந்த மாதிரிப் பெட்டி இல்லாத ஊரில் இரவு நேரத்தில் ஊழியர் இருக்கும் பெட்டியாகப் பார்த்து ஏறுங்கள். நியூயார்க் சப்வேயில் நடத்துநர் ரயிலின் நடுவில் இருப்பார், நடைமேடையில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகை தொங்கும் இடத்தில் நின்றால் அவர் ஜன்னல் உங்கள் எதிரில் வந்து நிற்கும். லண்டனில் ரயிலுக்குள் யாராவது தொல்லை கொடுத்தால் 61016க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போக்குவரத்துப் போலீஸுக்குப் போகும், பேச வேண்டிய அவசியமே இல்லை. டொராண்டோவில் இரவு 9 முதல் காலை 5 வரை நிறுத்தத்துக்கு நடுவில், உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும்படி பஸ் ஓட்டுநரிடம் கேட்கலாம். எந்த ஊராக இருந்தாலும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அதைத் தவறவிட்ட பிறகு நிற்கும் தெரு, பகலில் பார்த்த அதே தெருவாக இருக்காது.

நெரிசலில் யாராவது உரசினால் சும்மா இருக்க வேண்டாம். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி, எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில், தமிழிலேயே ஆனாலும் பரவாயில்லை, உரக்கக் கத்துங்கள். என்ன சொன்னீர்கள் என்பது யாருக்கும் புரியாவிட்டாலும் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் புரியும்.

ஆப் காரில் ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். உங்கள் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், ‘யாருக்காக வந்திருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள், பெயர் அவர் வாயிலிருந்து வர வேண்டும். பின் சீட்டில், ஓட்டுநருக்குப் பின்னால் இல்லாத பக்கம். வரைபடம் உங்கள் ஃபோனிலும் ஓடட்டும். தெருவில் கை காட்டி ஏறும் டாக்சி என்றால் மீட்டர் போட்ட பிறகுதான் உட்கார வேண்டும். லண்டனில் கறுப்பு டாக்சியைத் தவிர மற்ற வாடகைக் கார்கள் முன்பதிவு இல்லாமல் ஆள் ஏற்றக் கூடாது, கிளப் வாசலில் நின்று அழைப்பவன் சட்டப்படி ஓட்டுகிறவன் இல்லை.

படி 9: தானாக வந்து பேசுகிறவர்கள்

உங்களுக்கு உதவி வேண்டுமானால் ஆளை நீங்கள் தேர்ந்தெடுங்கள். குழந்தையோடு போகும் ஒரு பெண், கடையில் நிற்பவர், சீருடைப் பணியாளர். உங்களைத் தேர்ந்தெடுத்து வருகிறவரிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். பாங்காக்கில் அரண்மனை வாசலில் ‘இன்று மூடியிருக்கிறது, வாருங்கள் வேறு நல்ல இடம் காட்டுகிறேன்’ என்பவர் கடைசியில் கொண்டுபோய் விடுவது ரத்தினக் கடையில். பாரிஸின் சாக்ரே கேர் பேராலயப் படிக்கட்டில் கையைப் பிடித்து நூல் வளையல் கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள், அங்கே கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நிற்காமல் நடங்கள். ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் ‘ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும்’ என்று இரண்டு இளம் பெண்கள் டீக் கடைக்குக் கூட்டிப்போய், பிறகு தலை சுற்றும் பில் வரும். கவனித்தீர்களா, அவர்கள் பெண்கள். பெண் என்றால் நம்பலாம் என்ற நம்பிக்கைதான் அங்கே முதலீடு.

சாதா உடையில் வந்து ‘போலீஸ், பாஸ்போர்ட்டும் பர்ஸும் காட்டு’ என்றால் தெருவில் எதையும் கொடுக்காதீர்கள். அடையாள அட்டையைப் பார்க்கக் கேளுங்கள், போலீஸ் நிலையத்துக்கு நடந்தே வருகிறேன் என்று சொல்லுங்கள், காரில் ஏறாதீர்கள்.

அப்புறம் மறுப்பது எப்படி. நம்மில் பலருக்கு மறுப்பதைவிட விளக்கம் சொல்வது பழகிவிட்டது: ‘இல்லைங்க, எனக்கு நேரமாச்சு, ஃப்ரெண்ட் காத்திருக்காங்க’. ஒவ்வொரு காரணமும் அடுத்த கேள்விக்கு வழி விடுகிறது, ‘எந்த ஃப்ரெண்ட், எங்கே?’ என்று. அந்த ஊர் மொழியில் ‘வேண்டாம், நன்றி’ மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ஒருமுறை சிரித்தபடி, இரண்டாவது முறை சிரிப்பில்லாமல், மூன்றாவது முறை ‘விலகு’ என்று உரக்க. நீங்கள் ஒருவரைத் தவறாகக் கணித்து அவர் மனம் புண்பட்டால்தான் என்ன, நல்லவராக இருந்தால் புரிந்துகொள்வார்.

தனியாகவா வந்தாய் என்று கேட்டால் உண்மை பேசும் கடமை உங்களுக்கு இல்லை. ‘கணவர் ஹோட்டலில்’, ‘தோழி வந்துகொண்டிருக்கிறாள்’, எதுவும் சொல்லலாம். இதற்காக மோதிரம் போட்டுக்கொள்ளும் பெண்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, மோதிரத்தைப் பார்த்து விலகுகிறவன் ‘வேண்டாம்’ என்றாலே விலகிவிடுவான்.

யாராவது பின்தொடர்வது போல் தோன்றினால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போங்கள், அவரும் கடந்தால் சந்தேகம் தீர்ந்தது. அறைக்குப் போகாதீர்கள். வெளிச்சமும் ஆளும் இருக்கும் கடைக்குள் நுழைந்து, அங்கே இருப்பவரிடம் நேராகச் சொல்லுங்கள். ஜப்பானில் என்றால் பல தெருமுனைகளில் ‘கோபான்’ என்ற சிறு காவல் சாவடி இருக்கும், வழி கேட்கக்கூட அங்கேதான் எல்லோரும் போவார்கள்.

படி 10: இரவும் மதுவும்

வெளியே போங்கள். பல நகரங்கள் இரவில்தான் உயிரோடு இருக்கின்றன. திரும்பும் வழியைப் போகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், அவ்வளவுதான்.

குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். குடித்தால் கோப்பை உங்கள் கண் முன்னால் ஊற்றப்பட வேண்டும், கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு பழைய கோப்பையைத் தொட வேண்டாம். குடித்த அளவுக்குப் பொருத்தமில்லாமல் திடீரென்று கால் தள்ளாடினால் தனியாக வெளியே போகாதீர்கள், பார் ஊழியரிடம் சொல்லுங்கள். பிரிட்டனில் 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஓர் ஏற்பாடு உண்டு, அதில் சேர்ந்திருக்கும் பாரில் போய் ‘ஏஞ்சலா இருக்கிறாளா?’ என்று கேட்டால், உங்களுக்குச் சங்கடமான நிலைமை என்று புரிந்துகொண்டு சத்தமில்லாமல் டாக்சி ஏற்றிவிடுவார்கள்.

கள்ளச் சாராயம் ஏழைகள் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். இலவச ஷாட், வாளியில் கலந்து தரும் மது இரண்டையும் தவிருங்கள், மூடி உடைக்காத பீர் பரவாயில்லை. மறுநாள் பார்வை மங்கினாலோ, போதை தெளிந்த பிறகும் மூச்சு வாங்கினாலோ தலைவலி என்று படுத்துவிடாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

படி 11: ஏதாவது நடந்துவிட்டால்

அவசர எண்ணை இறங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112. ஜப்பானில் போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் 1155. தென் கொரியாவில் சுற்றுலா உதவிக்கு 1330. பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும், ஐஃபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலிப் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். உங்கள் ஃபோனில் அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே பார்த்துவையுங்கள்.

பர்ஸைக் கேட்டுக் கத்தி காட்டினால் கொடுத்துவிடுங்கள். பிறகு அட்டைகளை முடக்குங்கள், போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலை எழுத்தில் வாங்குங்கள், அது இல்லாமல் காப்பீட்டில் காசு வராது, புதுப் பாஸ்போர்ட்டுக்கும் கேட்பார்கள். பாஸ்போர்ட் போனால் தூதரகம் அவசரப் பயண ஆவணம் தரும். தூதரகம் மருத்துவமனை பில்லைக் கட்டாது, ஜெயிலிலிருந்து வெளியே எடுக்காது. வழக்கறிஞர் பட்டியல் தரும், வீட்டுக்குத் தகவல் சொல்லும். உங்களையே போலீஸ் பிடித்து வைத்தால் ‘என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு அது. புரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாலியல் வன்முறை நடந்தால் முதலில் பத்திரமான இடம், அடுத்தது மருத்துவமனை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் தொடங்குவது நல்லது. அவசரக் கருத்தடை ஐந்து நாள்வரை வேலை செய்யும், அதுவும் முதல் நாளிலேயே சாப்பிட்டால் பலன் அதிகம். புகார் கொடுப்பதா என்று முடிவு செய்யாவிட்டாலும் முடிந்தால் குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டுவையுங்கள், குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். திருமணத்துக்கு வெளியே உறவைக் குற்றமாகப் பார்க்கும் நாடுகளில் புகார் கொடுக்கப் போனவள் மேலேயே வழக்குத் திரும்பும் ஆபத்து இருக்கிறது, அதனால் அங்கெல்லாம் போலீஸ் நிலையத்துக்குப் போகும் முன் தூதரகத்தின் அவசர எண்ணை அழைத்து, அவர்கள் சொல்லும் வழக்கறிஞரோடு அல்லது தூதரக அதிகாரியோடு போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள். பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டு ஊர் திரும்ப வேண்டுமா, அறை மாறி இன்னும் இரண்டு நாள் இருந்து பார்க்கலாமா என்பதை அன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. அந்த இரவுக்கு மட்டும் வீட்டில் ஏற்பாடு செய்துவைத்த அந்த ஒருவரை அழைத்து, லைனிலேயே இருக்கச் சொல்லுங்கள்.